அடுத்து என்ன படிக்கக் கொடுப்பது?

மக்ரிபுக்குப் பிறகு மக்தப் விட்டு, பிள்ளைகள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம். ஒரு தாய் தம் மகனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். ஒன்பது வயதுப் பையன். கையில் அக்பர் பீர்பால் கதைகள்.

"ஹஜ்ரத், இவன் ஃபோனைத் தவிர வேற எதையும் தொட மாட்டான். அவங்க மாமா இதை வாங்கிக் கொடுத்தாரு. மூணே நாள்ல முடிச்சிட்டான். அடுத்து என்ன கொடுக்கிறதுன்னு எங்களுக்குத் தெரியல. நீங்கதான் சொல்லணும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. யோசிக்காமல் ஒரு பதில் சொன்னேன். நபி (ஸல்) அவர்களின் வரலாற்றை விரிவாகச் சொல்லும் 'அர்ரஹீக்குல் மக்தூம்' தமிழ் மொழிபெயர்ப்பை என் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அந்தத் தாய் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். உள்ளே அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் பதினோராம் பக்கத்தில் இருந்தது. "இவனுக்குப் புரியலையாம் ஹஜ்ரத்" என்றார். பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தான் ஏதோ பாவம் செய்துவிட்டதுபோல் நின்றான்.

அந்த நூலில் குறை இல்லை. பெரியவர்களுக்கும் மாணவர்களுக்குமான ஆய்வு நூல் அது. அதை ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் திணித்தது என் தவறு. அந்தத் தாய் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்குச் சரியான பதில் சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றிலிருந்து நூலகங்களிலும் புத்தகக் கடைகளிலும் பிள்ளைகளிடமும் கேட்டுக் கற்றுக்கொண்டதை, தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், அனகாபுத்தூர் பக்கம் வாழும் நம் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதல் புத்தகத்தைவிட இரண்டாவது புத்தகம் முக்கியம்

முதல் புத்தகம் பெரும்பாலும் தற்செயலாக வருகிறது. மாமா வாங்கித் தருவார், பள்ளியில் பரிசாகக் கிடைக்கும். பிள்ளை வாசகனாக மாறுவதும் மாறாமல் போவதும் அதற்கு அடுத்த புத்தகத்தில்தான் பெரிதும் முடிவாகிறது. அது கடினமாக இருந்தால் 'படிப்பது எனக்கு வராது' என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். வராமலே போனாலும் அந்த ஆர்வம் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். ஃபோன் அதற்காகக் காத்திருக்கிறது. அங்கே ஒரு வீடியோ முடிவதற்குள் அடுத்தது தானாக வந்து நிற்கும். புத்தகத்தில் அந்த வேலையைச் செய்ய ஒரு மனிதர் வேண்டும்.

அந்த மனிதர்தான் நூலகர் என்று சொன்னவர் நம் ஊர்க்காரர். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளை இன்றும் உலகம் முழுவதும் நூலகப் படிப்பில் கற்றுத் தருகிறார்கள். அதில் இரண்டு விதிகள் நம் கேள்விக்கு நேராகப் பொருந்தும். எந்த வாசகருக்கும் ஏற்ற ஒரு நூல் இருக்கிறது, எந்த நூலுக்கும் அதைத் தேடும் ஒரு வாசகர் இருக்கிறார் என்பது அவற்றின் சாரம். இந்த இருவரையும் சந்திக்க வைப்பதே வேலை. வீட்டில் அந்த வேலை தாய்க்கும் தந்தைக்கும் உரியது. மக்தபில் எங்களைப் போன்றவர்களுக்கு உரியது.

ஓர் ஆலிம் தம் சகோதரர் மகனுக்காக எழுதிய கதைகள்

மதரஸாவில் ஓதியவர்களுக்கு 'கஸஸுன் நபிய்யீன்' நூல் நன்றாகத் தெரியும். லக்னோவின் மௌலானா அபுல் ஹஸன் அலீ நத்வி (1914–1999) அவர்கள் அரபியில் சிறுவர்களுக்காக எழுதிய நபிமார்கள் வரலாறு அது. மாணவனாக இருந்தபோது அதை ஒரு பாடநூலாக மட்டுமே பார்த்தேன். அது எப்படிப் பிறந்தது என்று பிற்காலத்தில்தான் கவனித்தேன்.

அவருடைய சகோதரர் மகன் ஒருவர் கதை என்றால் உயிரை விடும் பிள்ளை. அந்தப் பிள்ளையின் கையில் பூனை, நாய், சிங்கம், ஓநாய் என்று மிருகக் கதைகளே இருப்பதை மௌலானா பார்த்தார். அவர் அந்தப் பிள்ளையைக் கண்டிக்கவில்லை. கதை ஆசையைக் குறை சொல்லவும் இல்லை. அந்த ஆசைக்கு ஏற்றபடி, அந்த வயதின் மொழியிலேயே நபிமார்களின் கதைகளை எழுதித் தந்தார்.

எழுதிய முறையும் கவனிக்கத்தக்கது. இப்ராஹீம் (அலை), யூசுஃப் (அலை) ஆகியோரின் கதைகள் வரும் முதல் பாகத்தில் வாக்கியங்கள் மிகச் சிறியவை. ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். பாகங்கள் செல்லச் செல்ல மொழி சற்றே கனக்கும். எனக்கு அரபியில் பயம் தெளிந்ததே அந்த நூலில்தான். ஒரு படி ஏறி நின்றபின் அடுத்த படி வந்தது. இப்படிப் படிப்படியாகக் கற்ற நானே அந்தப் பையனை நேராக மொட்டை மாடிக்குத் தூக்கிவிடப் பார்த்தேன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மௌலானா செய்ததை நாமும் மூன்று படிகளில் செய்யலாம். பிள்ளையின் கையில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்ப்பது. அதில் பிள்ளைக்கு எது பிடித்தது என்று அறிவது. அதிலிருந்து ஒரே ஒரு படி மேலே உள்ளதைக் கொடுப்பது.

முதலில் பிள்ளையிடம் கேளுங்கள்

"புத்தகம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

1. இதில் எந்த இடத்தைத் திரும்பப் படித்தாய்?
2. யாரை உனக்குப் பிடித்தது? யாரைப் பார்த்துக் கோபம் வந்தது?
3. எந்த இடத்தில் அலுப்பாக இருந்தது?

அக்பர் பீர்பால் படித்த அந்தப் பையனிடம் பிறகு ஒருநாள் இதைக் கேட்டேன். அரசரைப் பற்றியோ அரண்மனையைப் பற்றியோ அவன் ஒன்றும் சொல்லவில்லை. "பீர்பால் எப்படித் தப்பிக்கிறார்னு பார்க்கிறதுதான் பிடிச்சுது" என்றான். அவனுக்குப் பிடித்தது வரலாறு அல்ல, புதிர். அப்படியானால் அவனுக்கு அடுத்தது தெனாலிராமன், முல்லா நஸ்ருத்தீன் கதைகள், விடுகதைத் தொகுப்புகள், பிறகு சிறுவர் துப்பறியும் கதைகள். நான் அவனுக்கு எடுத்துக் கொடுத்ததோ வேறு உலகம்.

அலுப்பான இடத்தைக் கேட்பதும் அவசியம். பிள்ளை ஒரு புத்தகத்தைப் பாதியில் விட்டால் விட்டுவிடட்டும். பாடப் புத்தகத்தைத்தான் முடித்தாக வேண்டும். கதைப் புத்தகத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

வயதைவிட நிலையைப் பாருங்கள்

நம் புறநகர்களில் பெரும்பாலான பிள்ளைகள் ஆங்கில வழியில் படிக்கிறார்கள். சில வீடுகளில் உருது பேசுகிறார்கள். ஆகவே ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆங்கிலம் ஏழாம் வகுப்பு அளவிலும், தமிழ் மூன்றாம் வகுப்பு அளவிலும் இருப்பது சகஜம். 'பன்னிரண்டு வயதுக்கு ஏற்ற தமிழ்ப் புத்தகம்' என்று தேடி வாங்கினால் அந்தப் பிள்ளை திணறும். மிகச் சின்னப் பிள்ளைக்கான புத்தகத்தைக் கொடுத்தால் அவமானமாக உணரும்.

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. சின்னஞ்சிறு கதைப் புத்தகங்களை வகுப்பு வாரியாகப் பிரிக்காமல் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். ஒரு பக்கத்துக்கு ஓரிரு வரி இருப்பது நுழை. படம் குறைந்து கதை நீள நீள அடுத்தடுத்த நிலை. எந்த வகுப்புப் பிள்ளையும் எந்த நிலையிலிருந்தும் தொடங்கலாம். 'பிரதம் புக்ஸ்' நிறுவனம் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' இணையதளத்திலும் கதைகள் நான்கு நிலைகளாகவே உள்ளன. தமிழ், உருது, ஆங்கிலம் மூன்றிலும் இலவசமாகப் படிக்கலாம், அச்சிட்டும் கொள்ளலாம்.

கடையிலோ நூலகத்திலோ நின்றபடியே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஒன்றிரண்டு விரல் மடங்கினால் புத்தகம் சரி. மூன்று, நான்கு என்றால் நீங்கள் கூட உட்கார்ந்து படிக்க வேண்டும். ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகத்தை இன்னும் ஓராண்டுக்கு அலமாரியில் வையுங்கள்.

தமிழ் தடுமாறும் பிள்ளைகளுக்கு இருமொழிப் புத்தகங்கள் பெரிய உதவி. சென்னையில் 1996-இல் தொடங்கிய 'தூலிகா' பதிப்பகம் ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் தமிழும் வரும் படக்கதைகளை வெளியிடுகிறது. உருது பேசும் வீடுகளில், உருது வளர்ச்சிக்கான தேசிய கவுன்சில் வெளியிடும் 'பச்சோன் கி துனியா' மாத இதழைத் தாத்தாவும் பேரனும் சேர்ந்து படிக்கலாம்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு

அடுத்த புத்தகத்தைத் தேர்வு செய்ய நான் பின்பற்றும் முறை, பிடித்த விஷயத்தைப் பிடித்துக்கொண்டு நகர்வது. சில உதாரணங்கள்:

காமிக்ஸ் விரும்பும் பிள்ளை: காமிக்ஸை நிறுத்தாதீர்கள். இரும்புக்கை மாயாவியுடன் 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984-இல் வந்த லயன் காமிக்ஸும் ஒரு தலைமுறைக்கே தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவை. காமிக்ஸிலிருந்து படங்கள் நிறைந்த சாகசக் கதைக்கு வரட்டும். வாண்டுமாமாவின் சிறுவர் நூல்கள் அதற்கு நல்ல பாலம். அதிலிருந்து படமில்லாத நாவலுக்குப் போவது எளிது.

'ஏன், எப்படி' என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளை: இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்ரமாதித்தன் கதைகள்' சிறுவர்களுக்கு. எட்டாம் வகுப்புக்கு மேல் சுஜாதாவின் 'ஏன்? எதற்கு? எப்படி?' கேள்வி பதில்கள். அதை எந்தப் பக்கத்திலிருந்தும் படிக்கலாம். நடராசன் எழுதிய 'ஆயிஷா' மிகச் சிறிய நூல். கேள்வி கேட்கும் ஒரு மாணவியையும் அவளுடைய ஆசிரியையும் பற்றியது. முடிவு மனத்தை உலுக்கிவிடும். பதின்ம வயதுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு நீங்களும் படியுங்கள். இரவு சாப்பாட்டின்போது அதைப் பற்றிப் பேசுங்கள்.

பறவை, மிருகம் பிடித்த பிள்ளை: ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட பறவைகள் அறிமுகக் கையேட்டை வாங்கிக் கொடுத்து, ஒரு ஞாயிறு காலை பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஓரம் அழைத்துப் போங்கள். 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்த நிலம் நமக்குப் பேருந்து தூரத்தில் இருக்கிறது. பிறகு 'இந்தியாவின் பறவை மனிதர்' ஸாலிம் அலீயை (1896–1987) அறிமுகப்படுத்துங்கள். சிறுவயதில் பெற்றோரை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தவர். தான் சுட்ட ஒரு குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறத்தைக் கண்டு, அது என்ன பறவை என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் படியேறிய சிறுவன்தான் பின்னாளில் அந்தத் துறையின் இமாமாக ஆனார். ஆங்கிலம் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு அவருடைய தன்வரலாறு 'தி ஃபால் ஆஃப் எ ஸ்பாரோ' காத்திருக்கிறது.

பள்ளிக்கூடக் கதை பிடித்த பிள்ளை: ஜப்பானிய எழுத்தாளர் குரோயாநாகியின் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. நேஷனல் புக் டிரஸ்ட் இதைத் தமிழில் குறைந்த விலையில் தருகிறது. ஒரு பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட சிறுமியை இன்னொரு பள்ளியின் தலைமையாசிரியர் எப்படி ஏற்றுக்கொண்டார் என்ற உண்மைக் கதை. மக்தப் உஸ்தாதுகளும் படிக்க வேண்டிய நூல்.

நம் வீடுகளைப் போன்ற வீடுகளைக் கதையில் பார்க்க விரும்பும் பிள்ளை: வைக்கம் முகம்மது பஷீரின் (1908–1994) 'பாத்துமாவின் ஆடு' தமிழில் கிடைக்கிறது. கூட்டுக் குடும்பம், உம்மா, தம்பி தங்கைகள், வீட்டுக்குள் வந்து எல்லாவற்றையும் மேயும் ஓர் ஆடு. 13 வயதுக்கு மேல் யாரும் சிரிக்காமல் படிக்க முடியாது. 16, 17 வயதானால் தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து 1988-இல் நூலான நாவல். அதில் வரும் முதலாளியும் தங்ஙளும் நம்மைச் சங்கடப்படுத்துவார்கள். மார்க்கத்தின் பெயரால் மக்களை ஏமாற்றுபவர்களை நம் பிள்ளைகள் கதையிலேயே அடையாளம் கண்டுகொள்வது நல்லதுதான்.

எழுத ஆசைப்படும் பெண்பிள்ளைக்கு நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தைப் பற்றிச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்பு வரை மட்டுமே பள்ளிக்குச் சென்றவர். 1938-இல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதியவர் உ.வே. சாமிநாத ஐயர்.

மார்க்க நூல்கள்: இதிலும் படிகள் உண்டு. சின்னப் பிள்ளைக்குப் படங்களுடன் கூடிய நபிமார்கள் கதைகள். ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்கு டெல்லி 'குட்வேர்ட்' பதிப்பகம் நிறைய வெளியிட்டிருக்கிறது. அடுத்து சஹாபாக்களின் வாழ்க்கை தனித்தனிச் சிறு நூல்களாக. சென்னை இஸ்லாமிக் ஃபவுண்டேஷன் டிரஸ்டின் வெளியீடுகளை அங்கேயே சென்று புரட்டிப் பார்த்து வாங்கலாம். விரிவான சீரா நூல்களுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேல் வந்தால் போதும். அவசரம் வேண்டாம். நபி (ஸல்) அவர்களின் வரலாறு ஒரு பிள்ளைக்கு முதல்முறை அலுப்பூட்டும் பாரமாக அறிமுகமானால், அந்த நினைவை மாற்றுவது கடினம்.

"இதெல்லாம் படிக்கலாமா ஹஜ்ரத்?"

பேசும் மிருகங்கள், மந்திரவாதிகள், பிற சமயக் கதைகள், பதின்ம வயதுக் காதல். பெற்றோர் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் இவை. கவலை நியாயமானது. ஆனால் பயத்தில் எல்லாக் கதவுகளையும் மூடிவிட்டால் பிள்ளை படிக்காமல் போகுமே தவிர நல்லதைப் படித்துவிடாது.

மிருகக் கதைகளைப் பற்றி ஒரு வரலாறு சொல்கிறேன். நம் நாட்டின் பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகத்தின் பஹ்லவி மொழிக்குச் சென்றன. அங்கிருந்து எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அவற்றை அரபிக்குக் கொண்டுவந்தார். அதுதான் 'கலீலா வ திம்னா'. அரபி உரைநடைக்கு முன்மாதிரியாக இன்றுவரை போற்றப்படும் நூல். நரியும் சிங்கமும் பேசுவது கற்பனை என்பது பிள்ளைக்கும் தெரியும். அது பொய் சொல்லக் கற்றுக்கொள்வதல்ல. மனித குணங்களைத் தூர நின்று பார்க்கக் கற்றுக்கொள்வது.

மற்றவற்றுக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான்: சந்தேகம் இருந்தால் முதலில் நீங்கள் படியுங்கள். முழுவதும் முடியாவிட்டால் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் சில பக்கங்கள். பிறகு மூன்றில் ஒன்றை முடிவு செய்யலாம். கொடுக்கலாம். கூட இருந்து படிக்கலாம். அல்லது "இது உனக்கு இரண்டு வருஷம் கழித்து" என்று காரணம் சொல்லித் தள்ளி வைக்கலாம். காரணம் சொல்லாமல் பிடுங்குவது மட்டும் வேண்டாம்.

நாமே முன்வந்து கொடுக்க வேண்டிய சங்கடமான புத்தகங்களும் உண்டு. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பிள்ளைகளுக்கு நேரும் தவறான தொடுகையைப் பற்றிப் பிள்ளைகளின் மொழியிலேயே பேசும் கதை. 2020-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. பல தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளிடம் சொல்லத் தயங்குவதை இந்தப் புத்தகம் சொல்லிவிடுகிறது.

இந்த விருதே ஒரு நல்ல பட்டியல். 2010 முதல் ஒவ்வோர் ஆண்டும் தமிழில் ஒரு சிறுவர் நூலுக்கோ எழுத்தாளருக்கோ தரப்படுகிறது. கீழடி, சிந்துவெளி என்று பழைய நாகரிகங்களுக்குள் சிறுவர்களை அழைத்துச் செல்லும் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023), யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' (2024), விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' (2025) ஆகியவை அண்மையில் விருது பெற்றவை. ஒரு நூல் பிடித்துவிட்டால் அதே ஆசிரியரின் மற்ற நூல்களைத் தேடுங்கள். அதே பதிப்பகத்தின் பட்டியலைப் பாருங்கள். அடுத்த புத்தகத்தைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

எங்கே கிடைக்கும்?

கிளை நூலகம்: உங்கள் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். ரூபாய்க்கு 10 காசு. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமான 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு இது. ரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னால் உண்டு. அதாவது, நூலகத்துக்கான பணத்தை நாம் ஏற்கெனவே கட்டிவிட்டோம். வாடகைக்குக் குடியிருப்பவரின் வாடகையிலும் அது அடங்கியிருக்கிறது. போய்ப் பயன்படுத்தாமல் இருப்பதுதான் நஷ்டம். உறுப்பினர் கட்டணம் ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலைகூட வராது. பிள்ளையின் பெயரிலேயே அட்டை எடுங்கள். தன் பெயர் எழுதிய அட்டையைப் பார்க்கும் பிள்ளையின் முகமே வேறு. நூலகரிடம் சலாம் சொல்வதுபோல் முகமலர்ச்சியுடன் பேசி, "என் பிள்ளைக்கு இது பிடித்தது, இதைப்போல் வேறென்ன இருக்கிறது?" என்று கேளுங்கள்.

அண்ணா நூற்றாண்டு நூலகம்: 2010-இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்டது. முதல் தளம் முழுவதும் சிறுவர்களுக்கானது. தாம்பரத்திலிருந்து புறநகர் ரயிலில் கிண்டியிலோ சைதாப்பேட்டையிலோ இறங்கி அங்கிருந்து போகலாம். ஒரு விடுமுறை நாளை அங்கே கழித்தால், பிள்ளை எந்த அலமாரியின் முன் அதிக நேரம் நிற்கிறது என்பதைக் கவனித்தாலே உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

பல்லாவரம் சந்தை: வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவில் பழைய புத்தகங்களும் விரித்திருப்பார்கள். ஜும்ஆ முடிந்து அப்படியே ஒரு நடை போகலாம். பிள்ளையின் கையில் நூறு ரூபாயைக் கொடுத்து, தானே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தவறாகத் தேர்ந்தெடுத்தாலும் பரவாயில்லை. அதுவும் ஒரு பாடம்.

சென்னைப் புத்தகக் காட்சி: ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடப்பது வழக்கம். 1977-இல் முதல் காட்சி நடந்த இடம் அண்ணா சாலை மதரஸா-இ-ஆஸம் பள்ளி வளாகம் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும். போகும் முன் பிள்ளைக்குப் பிடித்த மூன்று விஷயங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கூட்டத்தில் ஸ்டிக்கரும் அப்பளமும்தான் வீடு வந்து சேரும்.

ஜமாஅத் செய்ய முடிந்தது

ஒவ்வொரு பள்ளிவாசலிலும் குர்ஆன் பிரதிகளுக்கு அலமாரி இருக்கிறது. மக்தப் அறையில் சிறுவர் நூல்களுக்கு ஒரே ஓர் அலமாரி போதும். ஐம்பது புத்தகங்களில் தொடங்கலாம். நாங்கள் தொடங்கியபோது கற்றுக்கொண்டவை சில: பூட்டு போடக்கூடாது. புத்தகம் கிழியும், தொலையும், அதற்குப் பிள்ளையைத் திட்டக்கூடாது. பொறுப்பைப் பெரிய மாணவி ஒருத்தியிடம் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டி, படித்த பிள்ளை ஒரு வரி எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் அடுத்த பிள்ளை எடுக்கிறது. ஓர் ஆலிமின் பரிந்துரையைவிடப் பக்கத்து வீட்டுப் பையன் எழுதிய "சூப்பர், கடைசியில அழுதுட்டேன்" என்ற வரிக்கு மதிப்பு அதிகம்.

ராமேஸ்வரத்தில் ஒரு சிறுவனுக்கு இப்படித்தான் நடந்தது. புத்தகங்கள் அரிதாக இருந்த அந்தத் தீவில், எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்ற விடுதலைப் போராட்ட உணர்வாளரின் வீட்டில் புத்தகங்கள் இருந்தன. அவர் அந்தச் சிறுவனைப் படிக்கத் தூண்டினார். அடிக்கடி அவர் வீட்டுக்குப் போய் இரவல் வாங்கிப் படித்ததை அப்துல் கலாம் தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் நன்றியுடன் நினைவுகூர்கிறார். ஒரு மனிதர், ஓர் அலமாரி, வந்து எடுத்துக்கொள் என்ற ஒரு சொல். அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. உஸ்தாதாகச் சேர்ந்த புதிதில், மக்தபில் ஜுஸ்உவுக்கு அடியில் காமிக்ஸ் வைத்துப் படித்த பன்னிரண்டு வயது மாணவனிடமிருந்து அதைப் பிடுங்கி, எல்லோர் முன்னும் கிழித்துப் போட்டேன். ஓதும் நேரத்தில் ஓத வேண்டும் என்பது சரி. கிழித்தது சரியல்ல. புத்தகத்தை வாங்கி வைத்து, வகுப்பு முடிந்ததும் "இதில் என்னடா இருக்கு, எனக்கும் சொல்லு" என்று கேட்டிருக்கலாம். அந்தப் பையனை அண்மையில் குரோம்பேட்டையில் பார்த்தேன். திருமணமாகி ஒரு மகள். பழசை நினைவுபடுத்தி மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க ஹஜ்ரத், அதுக்கப்புறம் நான் புக்கே தொடல" என்று சிரித்தபடி சொன்னார். அந்தச் சிரிப்பு இன்னும் என்னை உறுத்துகிறது.

அடுத்த வாரம் அவர் மகளுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் கொண்டுபோனேன். நுழை நிலையில் உள்ளது, பக்கத்துக்கு ஒரு வரி. தந்தைதான் வாசித்துக் காட்ட வேண்டும்.

நம் மார்க்கத்தில் முதல் வஹியின் முதல் கட்டளையே ஓதச் சொல்வதுதான். அந்தக் கட்டளையை மேடையில் பேசுவது எளிது. ஒரு பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, அதற்குப் பிடித்த அடுத்த புத்தகத்தைத் தேடிக் கொடுப்பதற்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக.